சூட்டு உடம்புக்காரி

குழந்தைகள் காப்பகத்திலிருந்து மறுபடியும் போன். தையல்காரி பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே ஓடினாள். மகளோ காப்பக வாசலில் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு உடம்பு சுடுதும்மா. முப்பத்தெட்டு டிகிரி வந்தா வீட்டுக்கு அனுப்பிடணும், அதுதான் விதி," என்றார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

"காய்ச்சல் இல்லக்கா, அவ உடம்புவாகே அப்படி. பொறந்ததுலேருந்தே கணப்புச் சட்டி. எங்கிட்டயிருந்து வந்த சூடு. வேணும்னா என்னையும் பாருங்க!" என்று நெற்றியை நீட்டினாள்.

அக்கா காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தார். அதே முப்பத்தெட்டு.

"பாத்தீங்களா?" என்றாள் தையல்காரி, வழக்கில் ஜெயித்தவள் மாதிரி.

"பாத்தேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் படுங்க."

திட்ட வாய் திறந்தவளின் கழுத்தைச் சுடச்சுட இரண்டு குட்டிக் கைகள் கட்டிக்கொண்டன. அந்த விதி அவளுக்கு முதல்முறையாகப் பிடித்துப்போயிற்று.