வுப்போ தோண்டிய குழி

எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் தெருவில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை, அவ்வளவுதான். நெதர்லாந்தின் வடக்கு மூலையில் எல்லா ஊரும் இப்படித்தான். நாயை மெதுவாக நடத்திக்கொண்டு போனால், யார் வீட்டில் என்ன சாப்பாடு, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். எங்கள் நாய்க்கு வயதாகிவிட்டது. ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும்.

எதிர்வீட்டு வுப்போ விஷயமும் அப்படித் தெரிந்ததுதான். கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். போன வசந்த காலத்திலிருந்து தினமும் முகம் மழிக்க ஆரம்பித்திருந்தார். காரணம், மூலை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அலைடா.

அலைடா விவாகரத்தானவள். முப்பத்தெட்டு வருடம் தினமும் மாலை ஆறு மணிக்குக் கணவனுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துப் போட்டாளாம். இனி யாருக்கும் வேகவைக்க மாட்டேன், உருளைக்கிழங்கு கேட்கிற ஆம்பளை வாசற்படி மிதிக்கக் கூடாது என்று காப்பி குடிக்கும்போது என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். ரகசியம் என்பதால் நான் வுப்போவிடம் மட்டும்தான் சொன்னேன்.

அன்றிலிருந்து வுப்போ சோற்று ஆளாகிவிட்டார். சோறு மாதிரி உண்டா என்று பேக்கரி வாசலில் நின்று பேசினார். கடைசியில் ஒரு புதன்கிழமை அலைடாவைச் 'சிவந்த மூங்கில்' சீன உணவகத்துக்கு அழைத்தார். தன் வீட்டுக்கே வந்துவிடுகிறீர்களா என்று அங்கே கேட்டுவிடுவதாகத் திட்டம். சைக்கிளுக்குக் காற்றடித்தபடி என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். தற்செயலாக நாங்களும் அன்று அங்கே மேஜை பிடித்திருந்தோம். பக்கத்து மேஜை.

சிவந்த மூங்கிலுக்கு சுற்றியுள்ள மூன்று ஊர் ஜனங்களும் வருவார்கள். ஒரு பண்டத்தின் பெயரும் யாருக்கும் தெரியாது, பட்டியலில் உள்ள எண் மட்டும்தான். நான் முப்பது வருடமாக நாற்பத்தேழு. வறுத்த பன்றிக்கறி மேல் சிவப்பாக இனிப்புக் குழம்பு, அடியில் மெழுகுவர்த்தி எரியும் தட்டில் வரும்.

வுப்போ பட்டியலைத் திறக்காமலேயே தள்ளினார். உணவகத்துக்காரி யோக்லானிடம், அலைடாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நம்பரெல்லாம் ஊர்க்காரங்களுக்கு. இன்னைக்கு உங்க குடும்பம் என்ன சாப்பிடுதோ, அதையே கொண்டாங்க."

"நிஜமாவா வுப்போ? அப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாது," என்றாள் யோக்லான்.

"அதேதான் வேணும்."

அலைடாவின் புருவம் மரியாதையாக உயர்ந்தது. இருவரும் சாப்பிடும் குச்சிகளைப் பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டார்கள். யோக்லான் அந்த உணவகத்தின் மாடியிலேயே பிறந்தவள், என்னோடு தேவாலயப் பாடகர் குழுவில் இருப்பவள். வுப்போ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன். கேட்கவில்லை.

மூடி போட்ட இரண்டு தட்டுகள் வந்தன. யோக்லான் மூடியை எடுத்தாள். உள்ளே சுருட்டைக் கீரை போட்டு மசித்த உருளைக்கிழங்கு. பக்கத்தில் ஒரு கறி உருண்டை, ஒரு கிண்ணம் குழம்பு.

"இன்னைக்குப் புதன்கிழமையாச்சே," என்றாள் யோக்லான். "எல்லார் வீட்டையும் போல எங்க வீட்லயும் கறி உருண்டைதான்."

வுப்போவின் முகம் அவர் தட்டிலிருந்த கீரை நிறத்துக்கு வந்தது. திருப்பி அனுப்பவும் முடியாது. வித்தியாசமாக இருக்கிறதே என்று, அதுவரை அதைக் கண்ணாலேயே காணாதவர் போலச் சொல்லிப் பார்த்தார். ஆனால் வலது கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது ஸ்பூனை எடுத்து, அதன் முதுகால் மசியலின் நடுவில் வட்டமாக ஒரு குழி தோண்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் விளிம்புவரை குழம்பை ஊற்றியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் போல நாலு வயதில் பழகிய கை.

அலைடா பார்த்துக்கொண்டிருந்தாள். "சோத்து ஆளு," என்றாள்.

வுப்போ ஸ்பூனைக் கீழே வைத்தார். "பொய் சொன்னேன் அலைடா. எனக்கு உருளைக்கிழங்குன்னா உசுரு. சோறு தொண்டையில இறங்காது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். இனிமே எந்த முகத்தோட கேக்கறது?"

"உருளைக்கிழங்கு விஷயம் உங்களுக்கு யார் சொன்னா?"

இரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் நாற்பத்தேழில் மும்முரமானேன். தொடாமல் கிடந்து குழம்பில் ஏடு படிந்திருந்தது. முப்பது வருடத்தில் இவ்வளவு மோசமான சாப்பாடு அங்கே சாப்பிட்டதில்லை. அதைவிட, என் கழுத்துத் துணியின் முனை குழம்பில் ஊறிக்கொண்டிருந்தது.

மறுபடி தலையைத் தூக்கியபோது அலைடாவின் தட்டிலும் ஒரு குழி. வுப்போவுடையதைவிட ஆழம். குழம்பும் ஊற்றியாகிவிட்டது.

"வேகவைக்க மாட்டேன்னுதான் சொன்னேன்," என்றாள். "திங்க மாட்டேன்னு யார்கிட்ட சொன்னேன்? தோல் யாரு சீவுவா?"

"நான்."

"தினமுமா?"

வுப்போ ஒரு கணம் யோசித்தார். "புதன்கிழமை மட்டும் இங்க வந்துடுவோமே."

அலைடா ஒரு வாய் எடுத்து வைத்து, கட்டி கட்டியாக இருக்கிறது, உப்பும் அதிகம் என்று முகத்தைச் சுளித்தாள். தட்டை மட்டும் சுத்தமாக வழித்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு மாலை, ஐந்தரை மணிக்கு நாயோடு எதிர்வீட்டுப் பக்கம் போனேன். வுப்போ ஜன்னலோரம் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பாதிக் கிழங்கு தோலோடு போகிற சீவல். எதிரே அலைடா காலை நீட்டிப் போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையாட்டினாள். பிறகு எழுந்து வந்து, எங்கள் தெருவில் யாருமே செய்யாத காரியத்தைச் செய்தாள். திரையை இழுத்து மூடினாள்.

நாய் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நானும் அவசரப்படுத்தவில்லை.