பரவாயில்லை வீட்டுச் சுவர்

நான்கு வருடத்தில் அந்தப் படுக்கையறைச் சுவருக்கு நான்கு முறை பெயிண்ட் அடித்தாயிற்று. மழைக்காலம் தொடங்கிப் பத்து நாள் தாண்டாது. கூரை மூலையிலிருந்து ஈரம் இறங்கி, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பூத்துவிடும். பள்ளிக்கூட ஷூவுக்குள் பச்சையாக ரோமம் முளைக்கும். தலையணையை முகர்ந்தால் குமட்டும். அதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஏழு வயது மகள் விடியும் நேரத்தில் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பதை எந்தத் தாய் சகிப்பாள்? இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மூச்சு மருந்துக்கு முகமூடி மாட்டிப் படுக்க வைத்தார்கள். "மருந்து நான் தர்றேன். அந்தச் செவுத்தை யாரும்மா பார்க்கிறது?" என்று டாக்டர் சத்தம் போட்டே கேட்டுவிட்டார்.

அவள் கணவன் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக் குமாஸ்தா. ஊரில் எவன் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் பொறுமையாக எழுதி வாங்கிக்கொள்வான். சொந்த வீட்டில் ஒழுகுவதைச் சொல்ல மட்டும் வாய் வராது. பஸ்ஸில் காலை மிதித்தவனுக்கும் பரவாயில்லை, மீதிச் சில்லறை தராதவனுக்கும் பரவாயில்லை. தெருவே அவனைப் 'பரவாயில்லை' என்றுதான் கூப்பிட்டது.

மாடியில் அவனுடைய அண்ணன் குடும்பம். அவர்களுடைய குளியலறை இந்தப் படுக்கையறைக்கு நேர் மேலே. "அங்கேர்ந்துதாங்க இறங்குது, போய்ச் சொல்லுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம், "சொல்லிட்டேன். அண்ணன் பார்க்கலாம்னிருக்காரு. நீ போய் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துடாதே" என்பான். அதனாலேயே மாடிக்காரர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவரான அண்ணன் படியிறங்கினால் பாத்திரத்தை டொம்மென்று வைப்பாள். ஓரகத்தி சிரித்தால் இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை காலை பெயிண்டர் ஐந்தாவது தடவையாக வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டினார், உப்பி நின்ற ஒரு பட்டையை நகத்தால் உரித்தார். வாளியைத் திறக்கவே இல்லை.

"தங்கச்சி, கூலி கிடைக்குதேன்னு நானும் அடிச்சுக்கிட்டே இருக்கேன். மனசு கேட்கலை. உள்ளே தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, மேலே வாட்டர்ப்ரூஃப் பூசினா அது எங்கே போகும்? பக்கத்துச் செவுத்துக்குப் போகும். இங்க பாருங்க, பாப்பா கட்டில்கிட்ட வந்தாச்சு."

"நான் ரூமுக்குள்ள துணி காயப் போடுறேன், அந்த ஈரம்தான்னு இவரு ஊரெல்லாம் சொல்றாரேண்ணே?"

"துணி ஈரம்னா ரூம் பூராவும் பூக்கும். இது ஒரே மூலையிலேர்ந்து இறங்குது. சந்தேகம்னா மேலே பாத்ரூம்ல சொட்டு நீலத்தைக் கரைச்சு ஊத்துங்க. இங்க நீலமா வந்தா அப்புறம் எவனும் பேச முடியாது."

துணிக்குப் போடும் நீல பாட்டிலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்னென்ன கேட்கலாம் என்று ஒவ்வொரு படியிலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். ஓரகத்திதான் கதவைத் திறந்தாள்.

"அக்கா, உங்க பாத்ரூம்ல இதை ஊத்தணும். கீழே ஒழுகுது. என் பொண்ணு மூச்சு விட முடியாம செத்துப் பொழைக்கிறா."

"ஊத்தும்மா, இதுக்கு என்னை எதுக்குக் கேட்கணும்? ஆனா கீழே ஒழுகலைன்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே! ரெண்டு வருஷம் முன்னாடியே தண்ணி கீழே இறங்குதா, தரையை உடைச்சுப் பார்த்துடலாமான்னு இவரு உன் வீட்டுக்காரரைக் கேட்டாரு. 'பரவாயில்லைண்ணே, ஒரு சொட்டுகூட வரலை'ன்னு சிரிச்சாரு. பாப்பா இருமுறது எங்களுக்கும் கேட்குது. கேட்டா, பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்கிறாரு. நீ வேற மூஞ்சியைத் தூக்கிவச்சுக்கிட்டு இருக்கே. என்ன தப்பு பண்ணோம்னு நாங்களும் மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடக்கோம்."

இத்தனை வருடக் கோபமும் ஆள் தவறிப் போயிருக்கிறது! "பாவி மனுஷன்! ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க விடாமப் பண்ணிட்டாரே, அக்கா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தாள்.

மதியம் அவன் அலுவலகத்திலிருந்து வந்தபோது, கூரை மூலையிலிருந்து கட்டில் தலைமாடு வரை நீலக்கோடு இறங்கியிருந்தது. அவன் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"அது வந்து... பரவாயில்லை, திங்கக்கிழமை வேற பெயிண்டரை..."

"எது பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? ரெண்டு வருஷம் முன்னாடியே உடைக்கட்டுமான்னு மாமா உங்களைக் கேட்டாராமே!"

"அப்பதான் ஆசையா டைல்ஸ் போட்டிருந்தாரு. அதை உடைங்கன்னு எப்படிச் சொல்றது? அண்ணனுக்கு எதுக்குச் சிரமம்னு..."

"அண்ணனுக்குச் சிரமம் கூடாது. அவர் டைல்ஸுக்குக் கீறல் கூடாது. புள்ள நெஞ்சு எப்படி வேணா போகட்டும், இல்லையா? ஊர்ல என் துணி மேல பழி, எங்கிட்ட அண்ணன் மேல பழி. ஒரு வாய்ல எத்தனை நாக்கு வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசு, மேலே கேட்கும்."

"கேட்கட்டும்! கேட்கணும்னுதான் கத்துறேன்!"

மகள் கட்டிலில் மருந்துப் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை எழுப்பிவிட்டு, மெத்தையை உருவிக் கணவன் கையில் திணித்தாள் தாய்.

"தூக்குங்க. செவுரு காயுற வரைக்கும் என் பொண்ணு இங்க படுத்துக்கட்டுமான்னு மேலே போய் உங்க வாயால கேளுங்க. நான் கேட்க மாட்டேன். நீங்க கேட்கலைன்னா இப்பவே இவளைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க இந்தச் செவுத்தோடயே குடும்பம் நடத்துங்க."

அவன் மெத்தையோடு மாடி ஏறினான். பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கீழே நடந்த ரகளை முழுவதும் அவர் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனாலும் தம்பியே சொல்லட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தார்.

"ஒண்ணுமில்லண்ணே... சும்மாதான்..." என்று இழுத்தான் தம்பி.

பின்னால் தாயோடு ஏறி வந்த குழந்தை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல மூச்சு வந்தது. தாய் தூக்கவில்லை, அவன் முதுகையே முறைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஒருமுறை திரும்பி மகளைப் பார்த்தான்.

"அண்ணே, உங்க பாத்ரூம் ஒழுகுது. என் பொண்ணால மூச்சு விட முடியலை. உடைச்சிடுங்கண்ணே. அதுவரைக்கும் அவ இங்க படுத்துக்கட்டும்" என்றான்.

"இதைச் சொல்ல உனக்கு இத்தனை வருஷமாடா?" பெரியவர் மெத்தையைப் பிடுங்கிக்கொண்டார். கூடத்தில் சோபாவை அதற்குள் ஓரமாக இழுத்துப் போட்டு, ஜன்னலோரம் பெருக்கி வைத்திருந்தார்கள்.

அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கணவனைத் தாண்டி உள்ளே போனாள். அவனும் பின்னாலேயே செருப்பைக் கழற்றினான்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். "கீழே போங்க. அவ கட்டில்ல படுங்க."