பென்சில் பிரிண்ட்

ஜெபகுமார் பதினெட்டு வருஷம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரச்சோதனை வேலை பார்த்தவர். மயிரளவு கீறல் கண்ணில் பட்டாலும் அந்தச் சாமானைச் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வேலையை விட்டபோது அந்தக் குணத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். மனுஷன் அதைப் பத்திரமாக ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

வேலையை விட்டதே மனைவி கிறிஸ்டினாவுக்காகத்தான். முதுகெலும்பில் கட்டி. பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்தே இருக்க வேண்டும். மே மாதம் டாக்டர் ஜெபகுமாரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "ஆறு மாசம் அவங்க மனசுபோல வெச்சுக்கோங்க சார்" என்றார். வெளியே வந்தவர் முகத்தைப் பார்த்தே கிறிஸ்டினா முழுசையும் தெரிந்துகொண்டாள்.

அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று, மணப்பாடு. பெருங்களத்தூரில் ஒரு ஆம்னி பஸ் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் எழுதியவள் அவள். அந்தப் பக்கம் போகும் திசையன்விளை வண்டிக்கு டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் சும்மா இருப்பார்களா? "கடலுக்கு மேல மேட்டுல கோயில்க்கா, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணி" என்று ஆசை காட்டிவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது கருப்பட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஊரையெல்லாம் ஜன்னல் சீட்டில் உட்காரவைத்து அனுப்பியவள் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றே போய்விட்டது.

பஸ்ஸும் ரயிலும் ஆகாது. வலி வந்தால் நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டுமே. காரில் நீட்டிப் படுக்க முடியாது. ஆம்புலன்ஸ் என்று வாயெடுத்தாலே கிறிஸ்டினாவுக்குக் கோபம் வந்தது. "அதுல ஏறினா ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன், கடலுக்குப் போக மாட்டேன்." அப்போதுதான் படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்து ஷெட்டில் முப்பது வயசு தாண்டிய மெட்டடார் வேன் ஒன்று கிடப்பதாகத் தெரிந்தது. ஜூன் மாதம் ஜெபகுமார் அதை வாங்கி, கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். இன்ஜினை மெக்கானிக் இரண்டே வாரத்தில் ஓடவைத்துவிட்டார்.

"பின்னாடி ஒரு மெத்தையைப் போடுங்க, கிளம்பிடலாம்" என்றாள் கிறிஸ்டினா.

"இந்த ஓட்டை உடைசல்லயா? உள்ள மட்டும் நான் சரி பண்ணிடறேன் கிறிஸ்டி. ஒரு மாசம்."

நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்களின் ஒரு மாசத்தை நம்பக் கூடாது. முதலில் பள்ளிக்கூடத்து சீட்டுகளைக் கழற்றினார். அடியில் துரு. துருவின் மேல் பலகை போட அவருக்குக் கை வருமா? இரும்பு தேய்க்கும் கிரைண்டரை வாங்கி வந்து வேனின் தரை முழுக்கத் தேய்த்தார். தேய்த்த இடத்தில் சின்னப் புள்ளி தெரிந்தாலும் மறுபடி தேய்த்தார்.

ஒரு நாள் கிறிஸ்டினாவும் வேன் கதவோரம் நாற்காலி போட்டு, தன்னுடைய பத்து நிமிஷத்தை அங்கே செலவழித்தாள். டிரைவருக்குப் பக்கத்து சீட் இருந்த இடத்தில், குறுக்குச் சட்டத்தின் மேல் அவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அது ஏதோ எழுத்து மாதிரி இருக்குதே."

"எல்லாம் துருதான். துரு அரிச்சா அப்படித்தான் கோடு கோடா இருக்கும்."

பதினெட்டு வருஷம் சாமான் பார்த்த கண் சொன்னால் அப்பீல் ஏது? கிரைண்டர் பொறி பறக்க ஓடியது. மேலே பட்டி, அதன்மேல் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பெயின்ட். கன்னம் மாதிரி வழுவழுவென்று ஆன சட்டத்தை அவரே இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் தரைக்குப் பிளைவுட், சுவருக்கு ரெக்ஸின், உருண்டு விழாமல் இருக்க ஓரக் கம்பி, மருந்துப் பைக்குக் கொக்கி, தலைமாட்டில் சின்ன ஃபேன். படுக்கையின் உயரத்துக்காக அவர் பட்ட பாடு தனிக் கதை. கிறிஸ்டினா கட்டிலில் படுத்திருக்க, தரையிலிருந்து அவள் கண்வரை டேப்பால் அளந்து, வேன் ஜன்னலோடு ஒத்துவரும்படி புதுப் படுக்கையின் காலை வெட்டினார். படுத்தபடியே கடல் தெரிய வேண்டும். கிறிஸ்டினா படுத்துக்கொண்டே, வெள்ளைப் புள்ளி போட்ட மஞ்சள் துணியில் நான்கு திரைகள் தைத்தாள். விரல் மரத்துப் போகும்போது வைத்துவிட்டு மறுநாள் எடுப்பாள். அந்த நாட்களில் இருவரும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார்கள்.

வேலை முடிந்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. வண்டியின் பேப்பரெல்லாம் காலாவதியாகிக் கிடந்ததால், புதுப்பித்துக் கொடுக்கப் பொழிச்சலூரிலிருந்து புரோக்கர் ஜாபர் வந்தார். ஏறியதுமே வாயைப் பிளந்தார்.

"இன்னா சார், வூடு மாதிரி கீது! சூப்பர். சரி, சேஸ் நம்பரு எங்க கீது? பென்சில் பிரிண்ட் எடுத்துக்கினு போறேன்."

வண்டியின் உடம்பில் வெட்டிய நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே பதிந்து வரும். அதைத்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பார்கள். ஜாபர் இடத்தைத் தேடி, மெத்தையை ஒதுக்கி, முன்னால் குனிந்து, குறுக்குச் சட்டத்தின்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தார். காகிதம் கறுத்தது. இன்னும் தேய்த்தார். இன்னும் கறுத்தது. ஒரு எண்கூட வரவில்லை.

"சார், இங்க இன்னா பண்ணீங்க?"

"துரு இருந்துச்சு. தேய்ச்சுட்டேன்" என்றார் ஜெபகுமார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அப்படியே படுக்கையில் உட்கார்ந்தார்.

"பேஜாராப் போச்சே சார். நம்பர அழிச்ச வண்டின்னா திருட்டு வண்டின்னுதான் பாப்பாங்க. திருப்பி வெட்டித் தர ஆளு கீறான், ஆனா அது கேஸு. நான் அந்த வேலைக்கு வரமாட்டேன்."

ஜெபகுமாரும் அந்த வேலைக்குப் போகிறவர் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று, மறுநாளே வேனை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். அதிகாரி படுக்கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், டாக்டர் சீட்டையும் படித்தார். "உங்கள நம்பறேன் சார். ஆனா நான் நம்பினா போதாதே" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போலீஸுக்கு எழுதினார்கள். ஆய்வகத்துக்காரர்கள் வந்து மருந்து போட்டு அழிந்த நம்பரை எடுத்துப் பார்க்க வேண்டும், வரிசைப்படிதான் வருவார்கள், நாலு மாசமோ ஐந்து மாசமோ. அதுவரை வண்டி ஸ்டேஷன் பின்னால் நிற்கும். அதைச் சொன்ன ஏட்டு, மேஜைமேல் இருந்த டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஜெபகுமார் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜெபகுமார் மனசுக்குள் ஒருமுறை மாதங்களைக் கூட்டிப் பார்த்தார். மறுமுறை கூட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அக்டோபரில் கிறிஸ்டினாவுக்கு இடது கால் அசைவில்லாமல் போயிற்று. ஆம்புலன்ஸோ காரோ எதுவானாலும் சரி, எப்படியாவது கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஜெபகுமார் டாக்டர் காலில் விழாத குறையாகக் கேட்டார். இனி அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அந்தத் திரையையாவது வாங்கிட்டு வாங்க" என்றாள் கிறிஸ்டினா. ஏட்டு யாருக்கும் தெரியாமல் அவிழ்த்து ஒரு கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார்.

ஜெபகுமார் ஸ்டூல்மேல் ஏறிப் படுக்கையறை ஜன்னலில் கயிறு கட்டினார். வேன் ஜன்னல் அளவுக்குத் தைத்தது, நான்கையும் வரிசையாகக் கோத்தும் மேல்பாதியைத்தான் மறைத்தது. கீழ்ப்பாதியில் வேன் நின்ற இடமும் அங்கே படிந்திருந்த எண்ணெய்க் கறையும் தெரிந்தன.

"நான் ஒரு பாவி கிறிஸ்டி" என்றார், திரும்பாமலே. "நீ அன்னிக்கே சொன்ன."

"பாதிதான் சொன்னேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. கடைசில ரெண்டு ஏழு, ஒரு மூணு. டிக்கெட்டுல நம்பர் பாத்தே பழகின கண்ணு இல்ல? இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்." மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டுச் சொன்னாள். "உங்க முகத்துல அவ்ளோ சந்தோஷம். ரொம்ப நாளைக்கப்புறம் பாக்கறேன். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

ஜெபகுமார் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. கயிற்றின் மிச்ச நுனி அவர் கையிலேயே இருந்தது.

"கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க" என்றாள் கிறிஸ்டினா. "அந்தக் கறை தெரியுது."

அவர் முடிச்சை அவிழ்த்துக் கீழே இறக்கிக் கட்டினார்.