யோசித்துப் பார்க்கிறேன்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டே எல்லோரும் அவளுக்கு நற்சான்றிதழ் வழங்கினார்கள். ஜப்பானின் ஒசாகாவிலிருந்து அமெரிக்காவின் இந்த நெப்ராஸ்கா ஊருக்கு வந்த ஐம்பது வருடத்தில் அம்மா கிகுயோ யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லையாம்.

"என்னோட ஜெல்லி சாலட்டைச் செஞ்சு பாருன்னேன். யோசிச்சுப் பார்க்கிறேன்னு சொன்னாளே, பாவம்," என்று மூக்கைச் சிந்தினாள் பக்கத்து வீட்டு டோலோரஸ்.

"ஞானஸ்நானம் எடுங்கன்னு இருபது வருஷமாக் கேட்டேன். எனக்கும் அதே பதில்தான். இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தா எடுத்திருப்பாங்க," என்றார் பாதிரியார்.

இரண்டு பேருமே நல்லவர்கள். மண்டையில்தான் ஒன்றும் ஏறாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த ஊர்க்காரரான அப்பாவின் காதில் சொன்னேன்: "இதுங்களுக்கு யாருப்பா சொல்றது? ஜப்பான்காரங்க யோசிச்சுப் பார்க்கிறேன்னா முடியாதுன்னு அர்த்தம். முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

அப்பா சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

"கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டப்ப எங்கிட்டயும் அதத்தாம்மா சொன்னா," என்றார். "நான் மறுநாளே மோதிரம் வாங்கிட்டேன்."