பனியில் நின்ற படகு

கடலில் மாண்டவர்களின் பெயர்களைப் பாதிரியார் மேடையிலிருந்து வாசித்த அன்றே நான் கறுப்பு உடுத்திவிட்டேன். அக்டோபர் புயலில் போன எங்கள் மீன்பிடிப் படகில் என் கணவர் கிரெய்னும் அண்ணன் ஹுய்ப்பும் இருந்தார்கள். அண்ணன் மனைவி திரெய்ன் மட்டும் கறுப்பைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். உடம்பும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை, அப்புறம் நான் எப்படி விதவை என்பது அவள் கட்சி. எங்கள் கடற்கரை ஊரான ஸ்கெவெனிங்கனின் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். எனக்கும் எரிச்சல்தான். நான் மட்டும் என்ன ஆசைப்பட்டா உடுத்தினேன்?

பிப்ரவரியில் ஒரு நாள், பக்கத்து ஹேக் நகருக்கு மீன் விற்கப் போன திரெய்ன் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தாள். தலையில் கூடை அப்படியே இருந்தது.

"மார்ட்யே, நம்ம படகு கரை சேர்ந்திருச்சுடி! ஹேக்குல ஒரு ஓவியக்காரர் வீட்டுல பார்த்தேன்."

"ஏன் அண்ணி, அவரு அடுப்படியில கட்டிப் போட்டிருக்காராக்கும்?"

"கிண்டல் பண்ணாத. மீன் கொடுக்கப் போனேன், கதவு திறந்திருந்துச்சு, படத்துல பார்த்தேன். பாயில நான் போட்ட ஒட்டு அப்படியே இருக்கு. மணல்மேட்டுல பனி கிடக்குது. பனி எப்ப விழுந்துச்சு? ஜனவரியிலதானே? அப்ப ஜனவரியில நம்ம படகு ஏதோ ஒரு கரையில நின்னிருக்கு!"

எங்களுக்குத் துறைமுகம் கிடையாது. அடி தட்டையான படகுகளைக் குதிரை கட்டி மணலில் இழுத்து நிறுத்துவோம். தூரத்துப் பாயை வைத்தே யார் படகு என்று சொல்லிவிடுவோம். நிற்காத படகை ஒருவர் நிற்பதாக வரைவார் என்று எங்கள் யாருக்கும் தோன்றாது.

உடனே கிளம்பினோம். வடக்கே எங்கோ ஒதுங்கியிருப்பார்கள், காய்ச்சலில் கிடப்பார்கள் என்று அவள் வழிநெடுக அடுக்கிக்கொண்டே வந்தாள். "உளறாத அண்ணி" என்று திட்டிக்கொண்டே நடந்தேன். என் நடைதான் அவளுடையதைவிட வேகமாக இருந்தது.

ஓவியர் நல்ல மனிதர். சேறு படிந்த காலோடு உள்ளே விட்டார். படம் மேசைமேல் கிடந்தது. பனி மூடிய மணல்மேடு, சாம்பல் வானம், மூட்டத்தில் மங்கிய படகு வரிசை. நடுவில் தெளிவாக எங்கள் படகு. அதன் பக்கத்தில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். கிரெய்ன் அப்படித்தான் குனிவார்.

"இது எந்தக் கரை ஐயா?" என்றாள் திரெய்ன்.

"உங்க கரைதாம்மா. போன மாசம் விரல் விறைக்க உட்கார்ந்து வரைஞ்சேன்."

"அங்க இந்தப் படகு இல்லையே!"

"இல்லதான். வரிசையில நடுவுல ஒரு இடம் காலியா, வெறிச்சுனு இருந்துச்சு. அதான் கோடையில வரைஞ்சு வச்சிருந்த படகு ஒண்ணை எடுத்து அங்க போட்டேன்."

அது எங்கள் படகு நிற்கும் இடம். வேறு படகை அங்கே நிறுத்த ஊரில் யாருக்கும் மனம் வரவில்லை.

"அந்த ஆளு?" என்றேன்.

"அது யாருமில்லம்மா. அந்தப் பக்கம் கொஞ்சம் சிவப்பு தேவைப்பட்டுச்சு."

திரெய்ன் வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு, "இதுல போனவங்கதான் இவ புருஷனும் என் புருஷனும்" என்றாள்.

ஓவியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தெரியாமப் போச்சும்மா. நீர்வண்ணம்தானே, ஈரத் துணியால ஒத்தினா போயிரும். படகையும் ஆளையும் இப்பவே எடுத்துடறேன்." துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு குனிந்தார்.

நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தொடாதீங்க! அவரு பாட்டுக்கு நிக்கட்டும்!"

இத்தனை நாளும் அவளைப் பைத்தியம் என்று சொன்னவள் நான். அழுகைகூட வரவில்லை. பிடியை மட்டும் விட முடியவில்லை.

திரெய்ன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"விடுடி," என்றாள். "துடைக்கட்டும்."