ஒரே ஒரு நல்ல படலம்

நிடியா சாப்லேவுக்கு அன்று பசியே எடுக்கவில்லை. ஃபவுஸ்தோ வாங்கி வந்த பனூச்சோ, பயறு அடைத்துப் பொரித்த சோள ரொட்டி, மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. வாயுச் சோதனைக் கருவியின் திரையை விட்டு அவள் கண் அகலவில்லை.

மெரிதா நகரத்து ஆய்வுக்கூடத்தில் இந்த இரண்டு மாணவர்களும் வருஷக்கணக்காக ஒரே வேலையில் மாரடிக்கிறார்கள். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் செய்ய வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கில் வாயு மந்தமாகத்தான் போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த ஒரு தூளை அதில் கலந்தாள் நிடியா. துளைகள் வழியே கரியமில வாயு விறுவிறுவென்று போகும், நைட்ரஜன் பின்தங்கும் என்பது அவள் கணக்கு. கணக்கு என்னவோ சரிதான். படலங்கள்தான் காலை வாரின. நாளைய கூட்டத்தில் பேராசிரியர் தூளையே கைவிடச் சொல்லப்போவதாகப் பேச்சு. அது அவளே உருவாக்கிய தூள். அதை விட்டால் அவள் பட்டமும் போச்சு.

இப்போது திடீரென்று ஒரு படலம், ஒன்றே ஒன்று, நினைத்தபடி வேலை செய்கிறது. திரும்பத் திரும்பச் சோதித்தும் அதே விடை.

"இது நீ வார்த்ததுதானே? என்னடா மாத்திப் பண்ணின?"

"ஒண்ணும் மாத்தலையே தாயே. எல்லாம் நீ சொன்னபடிதான்."

"பொய் சொல்லாத. காது செவக்குது உனக்கு."

"வெயில்."

"ஏசி ஓடுது, என்ன வெயில்?"

ஃபவுஸ்தோ பனூச்சோவை எடுத்தான், வைத்தான். "கத்த மாட்டியே?"

"மாட்டேன். சொல்லு."

"ஊர்த் திருவிழாவுக்குப் போனேன்ல? தூளைக் காயவெச்ச அடுப்பை அணைக்க மறந்துட்டேன். மறுநாள் எடுக்க வேண்டியது, மூணு நாள் கழிச்சு திங்கக்கிழமைதான் எடுத்தேன். கருகியிருந்தா நீ என்னைக் கொன்னிருப்ப. கருகல. சத்தமில்லாம கலந்துட்டேன்."

நிடியா கத்தவில்லை. அவள் மூளை வேறெங்கோ ஓடியது. அவர்கள் உலர்த்துவது எப்போதும் ஒரே ராத்திரி. மெரிதாவின் காற்றோ பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அப்படியென்றால் இத்தனை நாளும் துளைகளில் தண்ணீர் உட்கார்ந்திருந்தது, வாயு நுழைய இடமே இல்லை. தூள் மேல் குற்றமில்லை! சந்தோஷத்தில் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"அடப்பாவி, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"போன வருஷம் ஒரு குடுவையை உடைச்சேன். ஒரு மாசம் நீ என்கூடப் பேசல. அப்புறம் யாரு சொல்லுவா?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நாற்காலியை இழுத்து அவனெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. எனக்குப் பயந்து வேற என்னென்ன மறைச்ச?"

ஃபவுஸ்தோ கூரையைப் பார்த்து யோசித்தான். பிறகு பனூச்சோவை அவள் பக்கம் தள்ளினான்.

"முதல்ல சாப்பிடு. நேரமாகும்."