மஞ்சள் பெட்டிக்கு நாற்பத்து நான்கு

என்னை அக்கா கூப்பிடுவது 'துருவி' என்று. சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்ததற்குக் கிடைத்த பட்டம். இப்போது அதே துருவலுக்கு ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. கணினிக்குள் இருக்கும் ப்ராசஸரை எந்தக் கம்பெனி எவ்வளவு விற்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டவணை போட்டுச் சொல்வது என் வேலை.

போட்டியில் இருப்பது இரண்டே கம்பெனி. பெட்டியின் நிறத்தை வைத்துக் கடைக்காரர்கள் பச்சை, மஞ்சள் என்பார்கள். பச்சைதான் பல வருடமாகக் கொடி கட்டிப் பறக்கிறது. மஞ்சள் பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வருகிறது. போன அட்டவணையில் மஞ்சளின் பங்கு முப்பத்தொரு சதவீதத்திலிருந்து நாற்பத்து நான்குக்குத் தாவியது. அதை முதலில் சொன்னவள் நான்தான். மேலதிகாரி என் மேசைக்கே வந்து கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த முறை நாற்பத்தேழு வந்தது. குதிக்கத்தான் போனேன். அதற்குள் பக்கத்து மேசைக்காரர் குறுக்கே வந்தார். அவர் ப்ராசஸரைப் பொருத்தும் மதர்போர்டு எவ்வளவு விற்கிறது என்று எண்ணுகிறவர்.

"உங்க மஞ்சள் ப்ராசஸர் எல்லாம் எதுல உக்காந்திருக்கு மேடம்? மஞ்சளுக்கான போர்டு ஒண்ணுகூட கூடலையே."

மஞ்சள் ப்ராசஸர் மஞ்சளுக்கான போர்டில்தான் பொருந்தும். பச்சையின் போர்டில் நுழையவே நுழையாது. அப்படியென்றால் விற்றதெல்லாம் எங்கே போனது? மேசை டிராயரிலா தூங்குகிறது? கேள்வி பிடித்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன். அக்கா கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள்.

"நாலு மணிக்குள்ள ஆர்டர் குடுக்கணும்டி. இந்தத் தடவை அலமாரி பூரா மஞ்சள்தான். மொத்தமா வாங்கினா திருப்பி எடுக்க மாட்டாங்களாம். பரவால்ல, உன் அட்டவணை இருக்கே, அந்த தைரியம்தான்."

"நான் வர்ற வரைக்கும் போட்டுடாதக்கா" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் நான் போனபோது ஒரு பல் டாக்டர் நின்றிருந்தார். பச்சைப் பெட்டியைக் காட்டி, "இதையே போட்டுக் குடுங்க" என்றார். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. அடுத்து வந்தவர் கட்டட வரைபடம் போடுகிற பெண். மஞ்சள் பெட்டியை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது நெஜமாவே அவ்வளவு வேகமா?"

"ஓட்டிக் காட்டுறேன், உங்க கண்ணாலயே பாருங்க" என்று அக்கா, மேசை மேல் தயாராக இருந்த மஞ்சள் கணினியில் வேகச் சோதனையை ஓட்டினாள். நான்கு நிமிடம் கழித்து மதிப்பெண் வந்தது.

"இன்னொரு தடவை போடுங்களேன்."

போட்டாள்.

"இப்ப கூடவே ஒரு வீடியோவும் ஓடட்டும். அப்ப எப்படி வருதுன்னு பாப்போம்."

மறுபடியும் போட்டாள். மூன்று முறையும் திரையின் அடியில் 'முடிவு அனுப்பப்பட்டது' என்று வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது? எனக்குத்தான்! அது எங்கள் நிறுவனம் இலவசமாகத் தரும் சோதனை. ஊர் ஊராக அது அனுப்பும் முடிவுகளை எண்ணித்தான் நான் அட்டவணை போடுகிறேன். யாருடைய கணினி என்ற அடையாளம் எதுவும் அதில் வராது; உள்ளே இருக்கும் பாகங்களும் வந்த இடமும்தான் வரும். ஒரு சோதனை வந்தால் ஒரு கணினி விற்றது என்று வைத்துக்கொள்வோம்.

அந்தப் பெண் யோசித்தார். பிறகு பச்சையை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்குச் சுரீர் என்றது. "அக்கா, பச்சைக்கு இப்படி ஓட்டிக் காட்ட மாட்டியா?"

"அதுக்கு எதுக்குடி? அதைத்தான் கண்ணை மூடிக்கிட்டு வாங்குறாங்களே. மஞ்சள்ல புது மாடல் வந்ததுலேர்ந்துதான் இந்தக் கூத்து. வர்றவங்க எல்லாம் ஓட்டிக் காட்டு, ஓட்டிக் காட்டுன்னு உயிரை வாங்குறாங்க."

"மத்த கடைலயும் இப்படித்தானா?"

"எல்லா கடைலயும் இதுக்குன்னே ஒரு மஞ்சள் மெஷின் நிக்குது."

ஜனங்கள் சந்தேகப்பட்ட ஒவ்வொரு தடவையையும் நான் ஒரு விற்பனையாக எண்ணியிருக்கிறேன். எவ்வளவு நம்பாமல் போனார்களோ அவ்வளவு மஞ்சள் ஏறியிருக்கிறது. இதற்கு எனக்குக் கைகுலுக்கல் வேறு!

கடையின் மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒரே மாதிரி ப்ராசஸர், மெமரி, திரையோடு ஒரே இடத்திலிருந்து வந்த முடிவுகள். இவை எத்தனை முறை வந்தாலும் ஒன்று என்று மாற்றி எண்ணச் சொன்னேன். மூன்றே முக்காலுக்கு விடை வந்தது. மஞ்சள் இருபத்தெட்டு. ஏறவே இல்லை, பழைய முப்பத்தொன்றிலிருந்தும் இறங்கியிருக்கிறது.

"அக்கா, என் அட்டவணை தப்பு. மஞ்சளை யாரும் அவ்வளவா வாங்கல."

அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரையையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "மஞ்சள் பன்னெண்டு போதுங்க, மீதி பூரா பச்சை" என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப என் கடைல மட்டும் இல்லையா?"

"என்னதுக்கா?"

"ஊர் பூரா மஞ்சள் பறக்குதுன்னு நீ போட்டிருந்த. இங்க பத்து பேருக்கு ஓட்டிக் காட்டினா ரெண்டு பேர்தான் வாங்குறாங்க. எனக்குத்தான் பேசி விக்கத் தெரியலன்னு நெனச்சேன். மூணு மாசமா கடைய மூடிடலாமான்னுகூட யோசிச்சேன்டி."

கண்ணெதிரில் நடப்பதை விட்டுவிட்டு அவள் என் எண்ணை நம்பியிருக்கிறாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னன்னு சொல்றது? பெரிய ஆபீஸ்ல உக்காந்து எண்ணுறவ நீ. உன் அட்டவணை தப்பா இருக்கும்னு நான் கனவா கண்டேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை விடு. இதைப் பாத்துட்டு இன்னும் எத்தனை கடைக்காரங்க என்னை மாதிரி தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்களோ. மொதல்ல அவங்களுக்குச் சொல்லு."

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "என்னம்மா, நாப்பத்தேழாமே!" என்று குதூகலமாக எடுத்தார்.

"இல்ல சார், இருபத்தெட்டு. போன தடவை போட்டதும் தப்பு. என்னோட தப்புன்னு என் பேர் போட்டே வெளியிடணும்" என்றேன்.